வலது கால் எனக்கு

செருப்பின் அடியில் பெயர் எழுதப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் எல்லா நேரமும் உதவாது. தோல் அடிக்கு அது போதும். கம்பளி அடிக்கு இன்னும் பொருத்தம்; நார்களுக்குள் தூள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ரப்பர் அடியிலோ, இரண்டு மிதி மிதித்தால் எழுத்து உதிர்ந்து போய்விடும். அதற்குத் தையற்காரர்கள் துணியில் கோடு போடுகிற சாக்தான் சரி. அதில் மெழுகு கலந்திருப்பதால் ரப்பரைக் கவ்விக்கொள்ளும்.

சிடோனியா ஹெர்ஷ்கோவிச்சுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ருமேனியாவின் யாசி நகரத்துக் காலணித் தொழிற்சாலையில், மாதிரி வெட்டும் பிரிவில்தான் அவளுடைய இளமை கழிந்தது. பூரிம் பண்டிகை அன்று காலை இரண்டு வகைச் சாக்கையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பெட்டியின் அடியில் கிடந்த பழைய நீல நிற வேலைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் இடுப்புக்கு எட்டவில்லை. பரவாயில்லை என்று திறந்தே விட்டாள்.

வாசலில் வேன் நின்றது. யூத சமூகத்தின் சார்பில் பண்டிகை நாட்களில் முதியோர் இல்லத்துக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகிற மேடி, முன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையில் காகிதக் கிரீடம் வைத்திருந்தாள். பூரிமில் வேஷம் கட்டுவது வழக்கம்.

"என்னக்கா வேஷம் இது?"

"தொழிற்சாலைப் பொண்ணு."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எஸ்தர் ராணியா வருவீங்கன்னு நெனச்சேன்."

"ராணி மாதிரி இருக்க வேண்டிய வயசுல எனக்குக் கோட்டுதான் குடுத்தாங்க. ஏறலாமா?"

பின் இருக்கையில் யாங்கு உட்கார்ந்திருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று எஸ்தர் ராணியின் கதை எழுதிய சுருளை வாசிக்கப் போகிறவர் அவர்தான். மடியில் துணி சுற்றிய சுருளைக் குழந்தை மாதிரி பிடித்திருந்தார். அவருக்கும் வேஷம் உண்டு: தன்னுடைய பழைய ரயில்வே தொப்பி.

பூரிம் வாசிப்புக்கு இரண்டு விதிகள் உண்டு. பாரசீகத்து மந்திரி ஆமான் நாட்டிலிருந்த யூதர்கள் அத்தனை பேரையும் கொல்லத் திட்டம் போட்டவன். கடைசியில் தான் நட்ட தூக்குமரத்திலேயே தொங்கினான். வாசிப்பில் அவன் பெயர் வரும்போதெல்லாம், அது ஐம்பது தடவைக்கு மேல் வரும், காது கிழிகிற மாதிரி சத்தம் போட்டு அந்தப் பெயரை அழிக்க வேண்டும். மரக் கிலுக்கட்டையைச் சுழற்றுவார்கள், பாத்திரத்தைத் தட்டுவார்கள், காலை உதைப்பார்கள். சிலர் செருப்படியில் பெயரை எழுதிக்கொண்டு வந்து தேய்த்தே அழிப்பார்கள். இது முதல் விதி. இரண்டாவது விதி இதற்கு நேர் எதிர்: கேட்பவர் சுருளின் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு ஆமானுக்கும் வாசிப்பவர் நிறுத்திக்கொள்வார். கடைசிக் கால் ஓயும்வரை காத்திருப்பார். பிறகுதான் அடுத்த சொல். ஒரே ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாலும் சுருள் நகராது.

இந்தக் கடைசிச் செய்தியைச் சிடோனியா அன்று காலை யோசிக்கவில்லை. அவள் யோசித்ததெல்லாம் செருப்புகளைப் பற்றித்தான்.

இருபத்தாறு வயதில் அவள் இஸ்ரேலுக்குப் போக மனு கொடுத்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த டோரியும் கொடுத்தான். அந்தக் காலத்து ருமேனியாவில் அப்படி மனு கொடுத்தவர்களை வேலை செய்கிற இடத்திலேயே கூட்டம் போட்டு விசாரிப்பார்கள். தொழிற்சாலையின் கட்சிச் செயலாளர் ஒக்டாவ் கோஸ்மா. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளச் சொல்லி, அவளை மேடைமேல் நிறுத்தினான்.

அவன் முறை எளிமையானது. ஒரு கேள்வி கேட்பான். அவள் வாயைத் திறந்ததும் உள்ளங்கை மேலே பார்க்க வலது கையைத் தூக்குவான். கூடம் முழுவதும் காலால் தரையை உதைக்கும். பிறகு போக்குவரத்துக் காவலர் மாதிரி உள்ளங்கையை முன்னால் காட்டுவான். சத்தம் அந்த இடத்திலேயே நின்றுபோகும். அடுத்த கேள்வி. திரும்பவும் வாயைத் திறப்பாள். திரும்பவும் உதை. முதல் கேள்வி "உன் பெயரென்ன?" என்பதுதான். அதற்குக்கூட அவளால் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. "நாடு உனக்கு என்ன குறை வைத்தது?" என்பது கடைசிக் கேள்வி. அதற்கான பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினாள்.

உதைத்தவர்கள் எல்லாம் அவளோடு மதியம் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பக்கத்து மேசையில் வேலை செய்த டிலியும் உதைத்தாள்.

பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. மாதிரி வெட்டும் பிரிவிலிருந்து பச்சைத் தோல் ஊறவைக்கிற கொட்டகைக்கு அவளை மாற்றினார்கள். டோரிக்குக் கிடைத்தது; அவளுக்காக இரண்டு குளிர்காலம் காத்திருந்தான். பிறகு கிளம்பிப் போய் இஸ்ரேலின் ஹைஃபாவில் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான்.

நாளானால் கோபம் ஆறிவிடும் என்பவர்கள் தோல் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்காதவர்கள். உரித்த தோலைச் சும்மா போட்டால் இரண்டே நாளில் புழுத்துவிடும். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை வழித்து, மரப்பட்டைச் சாற்றிலோ குரோம் உப்புக் கரைசலிலோ போட்டு எடுத்தால் அந்தச் சாறு தோலின் நாருக்குள் போய்ப் பூட்டுப் போட்டுவிடும். அதற்குப் பிறகு அது அழுகவே அழுகாது. செருப்பாகி, தேய்ந்து, குப்பையில் போட்டாலும் தோலாகவே இருக்கும். சிடோனியாவின் கோபம் அப்படிப் பதனிட்ட கோபம்.

கோஸ்மா எங்கே இருக்கிறான் என்று அவள் தேடியதில்லை. போன ஹனுக்கா பண்டிகைக்கு ஜாம் வைத்த பன்களோடு மேடி அவளைக் குன்றின் மேலிருக்கும் நகராட்சி முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே சமூகத்தைச் சேர்ந்த கிழவர் கிழவிகள் சிலர் இருந்தார்கள், மற்றவர்களெல்லாம் ஊர்க்காரர்கள். யார் எவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் பன் கொடுப்பதுதான் வழக்கம். டிவி கூடத்துக்குள் தட்டோடு நுழைந்தபோது ஓரத்துச் சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு கை எழுந்தது. உள்ளங்கை முன்னால். உடனே இல்லத்துப் பணிப்பெண் பரஸ்கீவா ஓடிப்போய் டிவியை அணைத்தாள்.

முகம் அடையாளம் தெரியவில்லை. கை தெரிந்தது.

"யாரு அவரு?"

"நம்ம கோஸ்மா ஐயா. அந்தக் காலத்துல பெரிய ஆளாம். இப்ப ஒண்ணும் நெனப்புல இல்ல. தன் பேர மட்டும் படிப்பாரு. தலகாணி, டம்ளரு, எதுல பேரு எழுதியிருந்தாலும் விரல வெச்சு வெச்சுப் படிச்சு சிரிப்பாரு. அப்புறம் அந்தக் கை. கையத் தூக்குனா டிவிய நிறுத்தணும். நிறுத்தலேன்னா நடுங்கி அழ ஆரம்பிச்சுருவாரு. அதான் எல்லாரும் அவரு சொல்றபடி கேட்டுக்கறோம். பாவம்."

சிடோனியா அவன் முன்னால் போய் நின்றாள். முப்பது வருடங்களுக்கு மேலாக நாக்கில் உருட்டி வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் கை இன்னும் இறங்கவில்லை. அந்த உள்ளங்கையைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

"டீயா?" என்று கேட்டான் கோஸ்மா.

அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடி ஒரு முழு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். அவன்மேல் இருந்த கோபத்தைவிடத் தன் தொண்டைமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. நான் பேசினால் அவனுக்குப் புரியாது. என்னாலும் பேச முடியாது. ஆனால் அவன் தன் பெயரைப் படிப்பான். அப்படியென்றால் அவன் பெயரையே அவனிடம் அனுப்ப வேண்டும். ஒரு கூடம் முழுக்கக் கால்கள் அந்தப் பெயரை மிதிப்பதை அவன் பார்க்க வேண்டும். அன்று மேடையில் என் முகத்தில் என்ன இருந்ததோ, அது ஒரே ஒரு தடவை அவன் முகத்தில் வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நான் வேன் ஏறிவிடுவேன்.

ஹனுக்காவிலிருந்து பூரிம் வரை குளிர்காலம் முழுவதும் அவள் யோசித்தது இவ்வளவுதான்.

இல்லத்தின் உணவுக் கூடத்தில் நாற்காலிகளைப் போடும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். குதிரை லாடத்தின் வடிவத்தில் போட்டாள். சக்கர நாற்காலிகள் உள்வரிசை. அந்த நாற்காலிகளின் கால்மிதி சற்று மேல் நோக்கிச் சாய்ந்திருக்கும். உட்கார்ந்திருப்பவரின் நுனிக்கால் தூக்கி நிற்கும். எதிரே இருப்பவர் சாதாரண உயரத்தில் இருந்தால் அதில் ஒன்றும் பார்க்க முடியாது. தாழ்ந்த சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவருக்கோ வரிசை முழுவதும் செருப்படியாகத் தெரியும். லாடத்தின் திறந்த பக்கத்தில் அந்த இடத்தைக் காலியாக வைத்தாள்.

"கோஸ்மா ஐயாவ இங்க கொண்டாந்து விடும்மா பரஸ்கீவா. நல்லாத் தெரியும் அவருக்கு."

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்கம்மா," என்றாள் பரஸ்கீவா.

பிறகு சிடோனியா தரையில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கால் இருக்கு. எடது கால் உங்களுக்கு. உங்களுக்கு யார் ஆமானோ அந்தப் பேரச் சொல்லுங்க, எழுதறேன். வலது கால் எனக்கு. அதுல என் ஆள் பேரு. எழுதற கூலி அதுதான்."

கூடத்தில் அன்று காலை இருந்த தூக்கம் கலைந்துபோனது. யூதர்கள் அல்லாதவர்களுக்கு இந்த விளையாட்டு இன்னும் பிடித்துவிட்டது.

"என் மருமகன் பேரு எழுதும்மா. நல்லாப் பெருசா," என்றார் வாசிலே என்ற மெலிந்த கிழவர்.

"செருப்பு சின்னதா இருக்கே தாத்தா."

"அப்பச் சுருக்கமா 'கழுத'ன்னு எழுது. அவனுக்குப் புரியும்."

அடுத்த கிழவி நெடுநேரம் யோசித்தாள். "எனக்கு எதிரின்னு யாருமே இல்லம்மா. எல்லாரையும் கடவுள் பாத்துக்கட்டும்." சிடோனியா காலைக் கீழே வைக்கப் போனபோது அவள் குனிந்து காதோடு சொன்னாள்: "பக்கத்துக் கட்டில்காரி பேரு எழுது. ஜன்னலத் தெறக்கவே விடமாட்டேங்குறா."

இன்னொருத்தி தன் முழங்காலின் பெயரை எழுதச் சொன்னாள். வேறு எதிரி எதற்கு என்றாள்.

இடது அடிகளில் பள்ளிக்கூடச் சாக்பீஸ். அது அவர்களுடைய விளையாட்டு, சீக்கிரம் அழிந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். வலது அடிகளில் மெழுகுச் சாக். அது கடைசி வரைக்கும் நிற்க வேண்டும். கோஸ்மா, கோஸ்மா, கோஸ்மா. எழுத்தின் கால்கள் குதிகாலைப் பார்த்து இருக்கும்படி எழுதினாள். அப்போதுதான் எதிரே இருப்பவனுக்குத் தலைகீழாகத் தெரியாது. மாதிரி வெட்டிய கை, கோணவில்லை.

கடைசிச் சக்கர நாற்காலியில் தொழிற்சாலைப் பக்கத்து மேசை டிலி இருந்தாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கால் மட்டும் அசையும். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"எனக்கு எழுத வேண்டாம்டி," என்றாள்.

"காலக் குடு."

"சிடோனியா. அவன் எங்க இருக்கான், எப்படி இருக்கான்னு நான் தெனம் பாக்கறேன். அவனுக்கு எது காலு எது கையின்னே தெரியாது. இத வெச்சு என்ன பண்ணப் போற?"

"அன்னைக்கு இந்தக் கால்தான தட்டுச்சு?"

"எல்லாரும்தான் தட்டுனோம். தட்டலேன்னா என்ன ஆயிருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். தட்டுனா என்ன ஆச்சுன்னும் தெரியும். காலக் குடு."

டிலி வலது காலை நீட்டினாள். சிடோனியா மற்ற எல்லாருக்கும் எழுதியதைவிட அதில் அழுத்தி எழுதினாள். தன் செருப்பிலும் எழுதிக்கொண்டாள். பரஸ்கீவா சாய்வு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

யாங்கு சுருளைப் பிரித்தார். எஸ்தரின் கதையை மற்றச் சுருள்களைப் போல உருட்டி வாசிப்பதில்லை. அது அந்த நாளில் ஊர் ஊராக அனுப்பிய கடிதம் என்பதால், கடிதம் மாதிரி மடித்து வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். ரயில் அறிவிப்புக் கொடுத்துப் பழகிய குரல் கூடத்தின் மூலை வரைக்கும் போனது. ராஜா விருந்து வைத்தான். ராணி வர மறுத்தாள். எஸ்தர் அரண்மனைக்கு வந்தாள். இதற்குள் பாதிப் பேருக்குக் கண் செருகிவிட்டது.

பிறகு முதல் ஆமான் வந்தான்.

மேடி கிலுக்கட்டையைச் சுழற்றினாள். வாசிலே ஒரு மூடியால் கைப்பிடியை அடித்தார். கால்கள் எழுந்தன, விழுந்தன, எழுந்தன. அசைய முடிந்த கால்கள் கால்மிதியில் இடித்தன. அசைய முடியாத கால்களை மேடி தனியாக வரவழைத்திருந்த சமூகத்துப் பிள்ளைகள் பிடித்து ஆட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளை எழுத்து மேலே தெரிந்து மறைந்தது.

சிடோனியா உதைக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோஸ்மாவின் கண்கள் வரிசையின் ஒரு முனையிலிருந்து ஊர்ந்து வந்தன. விரல் எழுந்து காற்றில் எழுத்துக்கூட்டியது. உதடுகள் அசைந்தன. அடுத்த செருப்பு. அதற்கடுத்த செருப்பு. அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மேலே வந்தது.

அவன் சிரித்தான்.

பல் இல்லாத வாய் முழுவதும் சிரித்தான். அவன் பெயரை ஏந்திக்கொண்டு ஒரு கூடம் ஆர்ப்பரிக்கிறது. வேறு என்ன வேண்டும்? முதுகு நிமிர்ந்தது. வலது கை எழுந்தது. உள்ளங்கையை முன்னால் காட்டினான்.

சத்தம் நின்றுவிட்டது. இல்லத்து ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுப் பழக்கம். அவர்கள் நின்றதும் பிள்ளைகளும் நின்றார்கள்.

யாங்கு தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். "அடேயப்பா! இத்தன வருஷமா வாசிக்கறேன். ஒரு ஆமானுக்கு இவ்வளவு சீக்கிரம் சத்தம் ஓஞ்சு நான் பாத்ததே இல்ல. ஐயா, நீங்க இப்படியே கடைசி வரைக்கும் நிறுத்திக் குடுங்க."

"ராஜாவுக்குக் கிரீடம் வேணாமா?" என்று மேடி எழுந்து போய்த் தன் காகிதக் கிரீடத்தைக் கழற்றி அவன் தலையில் வைத்தாள். கூடம் கைதட்டியது.

சிடோனியாவின் காது இரண்டும் சுட்டன. இத்தனை நாள் உட்கார்ந்து யோசித்து, இத்தனை பேர் காலைப் பிடித்து எழுதி, அவன் இழந்துபோன கூட்டத்தையே நான் அவனுக்குத் திரும்பக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். லாட வடிவில், முன்வரிசையோடு.

வாசிப்பு தொடர்ந்தது. ஆமான் வரும்; உதைப்பார்கள்; கை எழும்; நிற்பார்கள். கோஸ்மாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. சில இடங்களில் உள்ளங்கையை மேலே காட்டித் தானே தொடங்கியும் வைத்தான். அந்தப் பழைய சைகை. முப்பது வருடத்துக்கு மேலாக அவள் அதைப் பார்க்கவில்லை. கனவில் வருவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஆமானுடைய பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வரும் இடத்தை வாசிப்பவர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அவர்கள் ஒன்றாகச் செத்தார்கள் என்பதற்காக அப்படி. யாங்கு மார்பு விரிய மூச்சை இழுத்து, பத்துப் பெயரையும் நிலையப் பெயர்கள் மாதிரி ஓடவிட்டு, முகம் சிவக்க முடித்தார். கூடம் சிரித்தது. அதே வாக்கியத்தில் ஆமான் வந்தான்.

கால்கள் எழுந்தன. இந்தத் தடவை சிடோனியாவும் எழுந்து நின்று உதைத்தாள். கை எழுந்தது. கால்கள் நின்றன.

அவள் நிறுத்தவில்லை.

யாங்கு அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கூடத்தில் ஒரே ஒரு செருப்பின் சத்தம். வலது கால். அந்த நேரத்தில்தான் அவளுக்கு இரண்டாவது விதி உறைத்தது. நான் நிறுத்தாதவரை அவரால் வாசிக்க முடியாது. அவர் வாசிக்காதவரை யாரும் எழுந்திருக்க முடியாது. சுருள் என் காலில் இருக்கிறது.

கோஸ்மா கையை இன்னும் உயர்த்தினான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் ஒரு குழப்பம். கையை இறக்கி மறுபடி தூக்கினான், இயங்காத விசையைத் திரும்பத் தட்டிப் பார்ப்பது போல. அவள் உதைத்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அக்கா, போதும்," என்றாள் மேடி.

"சிடோனியாம்மா, சுருள் காத்துக்கிட்டிருக்கு," என்றார் யாங்கு.

"காத்திருக்கட்டும்."

பரஸ்கீவா ஓடி வந்தாள். "அம்மா, நிறுத்துங்கம்மா! அவரு அழுதுருவாரு!"

"அழட்டும்."

அவன் விரல்கள் ஆடத் தொடங்கின. நடுக்கம் மணிக்கட்டுக்கு வந்து, தோளுக்கு ஏறியது. காகிதக் கிரீடம் நெற்றியில் சரிந்தது. அவன் அவளை, கோட்டை, அடிக்கிற செருப்பை மாறி மாறிப் பார்த்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் கையைத் தூக்கியும் நிற்காத ஒருத்தி எதிரில் நிற்கிறாள் என்பது தெரிந்தது. அவனிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. உதடு கோணியது. கண் அகலமாகி, ஓரங்களில் வெளிச்சம் தேங்கியது. குளிர்காலம் முழுக்க அவள் பார்க்க நினைத்த முகம் அதுதான். கோட்டின் பையில் கண்ணாடி வைத்திருந்தால் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்திருப்பாள்.

கை விழுந்தது.

"யாரு அவ?" கீச்சென்று கத்தினான். "பேரு? அவ பேரென்ன? எழுதிக்கங்க! பேர எழுதிக்கங்க!"

அவள் தானாகவே நிறுத்தினாள். அவள் தொண்டையைச் செருமினாள், அது திறந்திருந்தது.

"சிடோனியா ஹெர்ஷ்கோவிச்," என்றாள். "மாதிரி வெட்டற பிரிவு. நாடு எனக்கு என்ன குறை வெச்சதுன்னு கேட்டீங்க. ஒரு குறையும் வெக்கல. எனக்குப் போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் அந்தப் பதில். அன்று சொல்ல விட்டிருந்தால் பேச்சோடு பேச்சாகப் போயிருக்கும்.

"வாசிங்க யாங்கு," என்று உட்கார்ந்தாள்.

யாங்கு வாசித்தார். மிச்சமிருந்த சில ஆமான்களுக்குக் கூடம் பட்டும் படாமலும் தட்டியது. சிடோனியா ஒவ்வொன்றுக்கும் நன்றாக உதைத்தாள். ஒவ்வொரு தடவையும் சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். கை போர்வைக்குள் போனது போனதுதான், வெளியே வரவில்லை.

வாசிப்பு முடிந்ததும் பிள்ளைகள் உணவுப் பொட்டலங்களை விநியோகித்தார்கள். தரையெல்லாம் வெள்ளைத் தீற்றல். ஈரத்துணி போட்டால் சாக்பீஸ் தூள் கூழாகிப் பரவிவிடும். முதலில் உலர்ந்த விளக்குமாறு, பிறகுதான் தண்ணீர். சிடோனியா பெருக்கிக்கொண்டிருந்தபோது பரஸ்கீவா வந்து அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கறேன். அந்தாளு இன்னைக்குத் தூங்க மாட்டாரு. நான்தான் கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கணும். உங்களுக்கு என்ன, வேன்ல ஏறிப் போயிருவீங்க."

"உன் தூக்கத்தக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்கம்மா," என்றாள் சிடோனியா.

"எங்கிட்ட மட்டுந்தான் மன்னிப்பா?"

"உங்கிட்ட மட்டுந்தான்."

டிலியின் நாற்காலி கதவோரம் நின்றது. அவள் வலது கால் இன்னும் கால்மிதிக்கு ஒரு விரற்கடை மேலே தூக்கினபடி இருந்தது.

"நான் நிறுத்தலடி," என்றாள் டிலி. "அவன் கையத் தூக்குனான், காலு தானா நின்னுருச்சு. நீ தட்டும்போது நானும் தட்டணும்னுதான் பாத்தேன். வரல."

சிடோனியா குனிந்து அந்தக் காலைப் பிடித்துக் கால்மிதியில் இறக்கி வைத்தாள். போர்வையைச் சரி செய்தாள். பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை.

வேனில் மேடி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பாலம் தாண்டியதும் திரும்பினாள். "அடுத்த பண்டிகைக்கு நான் உங்களக் கூப்பிட மாட்டேங்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க. தொண்டுன்னா இது இல்ல."

"தெரியும். ஆனா பூரிம்னா இதுதான்."

யாங்கு தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல இருந்தார். தொப்பி குலுங்கியது. சிரிக்கிறாரா என்னவென்று தெரியவில்லை.

சிடோனியா கைப்பையைத் திறந்தாள். சாக்பீஸ்களுக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. இல்லத்தில் ஒரு கட்டில் விடாமல் எல்லாருக்கும் போக வேண்டிய பண்டிகைப் பொட்டலம். மேடி பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள். கோஸ்மா. பொட்டலங்களை அடுக்கும்போதே சிடோனியா இதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். காகிதத்தைப் பிரித்து, கசகசா பூரணம் வைத்த முக்கோண ரொட்டியைக் கடித்தாள். விரலிலிருந்த சாக்பீஸ் தூளும் கொஞ்சம் நாக்கில் பட்டது. இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான். துளி மிச்சம் வைக்காமல் தின்றாள்.

தெருமுனையில் இறங்கினாள். மார்ச் மாதத்துப் பனி உருகித் தெருவின் நடுவெல்லாம் சேறு. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வலது செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். மெழுகுச் சாக் ஏமாற்றவில்லை. அத்தனை உதைக்கும் பிறகு எழுத்து அப்படியே இருந்தது. சேற்றில் இரண்டு எட்டு வைத்தால் போய்விடும்.

சுவரோரமாக உலர்ந்த கல் பாவியிருந்த பக்கம் நகர்ந்து, வீடு வரைக்கும் அந்தப் பெயர்மேல் நடந்தாள்.